பலகையும் பிரம்பும்: குத்தாப் எனும் பாலர் பள்ளியின் வரலாறு

இஸ்லாமியக் கல்வி வரலாறு பேசப்படும்போதெல்லாம் பெரும் பெயர்களே முதலில் நாவில் எழுகின்றன. ஃபாஸ் நகரின் கரவிய்யீன், கெய்ரோவின் அல் அஸ்ஹர், பக்தாதின் நிஸாமிய்யா ஆகியவற்றை அறியாத கற்றோர் நம்மிடையே இலர். ஆயின், அக்கலாசாலைகளின் தூண்களருகே அமர்ந்து பாடம் கேட்டவர்களும், அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு தெருவோரத்தில், பாய் விரித்த சிற்றறையில், மரப்பலகையை மடியில் ஏந்தி அலிஃப் எழுதிப் பழகிய சிறுவர்களே. அச்சிற்றறையின் வரலாற்றை எழுதுவோர் குறைவு; கேட்போர் அதனினும் குறைவு.

அவ்வறைக்கு அரபியர் இட்ட பெயர் குத்தாப். மக்தப் என்பதும் அதுவே. இரண்டும் எழுதுதல் எனும் பொருளுடைய கதப என்ற வேரினின்று கிளைத்தவை. நம் ஊர்களில் அதனை ஓதும் பள்ளி என்றனர் முன்னோர். இன்று மக்தப் மதரஸா என்கிறோம். அரபுப் பெயர் எழுத்தைச் சுட்ட, நம் பெயர் ஓதலைச் சுட்டுவது கருதத்தக்கது.

அங்கே என்ன கற்பிக்கப்பட்டது என்பதோடு, கற்க வந்த பிள்ளை எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என நம் முன்னோர் கருதினர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். சென்ற ஆண்டு நம் இளமைக்கால நண்பர் ஒருவர் நம்மை நாடி வந்தார். ஒன்பது வயது வரை நம்முடன் ஒரே பாயில் அமர்ந்து ஓதியவர். ஒருநாள், ஒரு எழுத்தின் உச்சரிப்பில் மீண்டும் மீண்டும் தடுமாறியதற்காகப் பிரம்படி பட்டு, புறங்கை வீங்கி வீடு சென்றார்; பிறகு பள்ளிக்குத் திரும்பவேயில்லை. வணிகத்தில் உயர்ந்தார், மக்களை மணமுடித்துக் கொடுத்தார். ஆனால் தொழுகையில் இமாமின் பின்னே நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பேசாமல் நின்று வந்ததாகக் கூறினார். ஃபாத்திஹா அத்தியாயத்தைப் பிழையின்றி ஓதக் கற்றுத் தர இயலுமா என்பதே அவர் கேட்டது. கேட்கும்போது அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

அந்த உஸ்தாத் மார்க்கப் பற்றும் நல்லெண்ணமும் உடையவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. பிரம்பு நம் மரபு என அவர் நம்பினார். அவரைப் போலவே நம்பி, நாமும் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் பிரம்பு ஏந்தியதுண்டு. அந்நம்பிக்கை சரிதானா? மரபு உண்மையில் என்ன சொல்கிறது?

தொடக்க காலம்

எழுத்தறிவு அரிதாயிருந்த மக்காவிலும் மதீனாவிலும் அதனைப் பரப்ப நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கொண்ட அக்கறைக்குப் பத்ருப் போரின் கைதிகள் பற்றிய செய்தி சான்றாகும். ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) நிகழ்ந்த அப்போரில் பிடிபட்டோருள் பொருளால் மீட்புத்தொகை செலுத்த இயலாதவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என அறிவிக்கப்பட்டது. பகைவரும், ஓரிறைக் கொள்கையை ஏற்காதவரும் முஸ்லிம் சிறுவரின் முதல் எழுத்தாசிரியர்களாக அமர்த்தப்பட்டமை எண்ணியெண்ணி வியக்கத்தக்கது. பெண்களும் இதில் விலக்கப்படவில்லை. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரலி) எழுதக் கற்பித்ததை அபூதாவூதின் தொகுப்பால் அறிகிறோம்.

உமய்யாக்களின் காலத்திற்குள் குத்தாப் நகரங்களில் வேரூன்றிவிட்டது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த விரிவுரையாளர் ளஹ்ஹாக் இப்னு முஸாஹிம் பாலர்க்குக் கற்பித்தவர். அவரது பள்ளியில் மூவாயிரம் சிறுவர் இருந்தனரென்றும், அவர்களிடையே கழுதைமீதேறிச் சுற்றி வந்து கண்காணித்தாரென்றும் வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் பாலர் கல்வி அன்று பெற்றிருந்த பரப்பை அது உணர்த்துகிறது. இராக்கின் கொடுங்கோல் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃபும் தாயிஃபில் பாலர் ஆசிரியராயிருந்தவரே. எல்லா ஆசிரியரும் ஒரே தன்மையினர் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிள்ளைப்பருவம் குத்தாபின் மற்றொரு முகத்தைக் காட்டும். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பிறந்து, தந்தையை இழந்து, தாயால் மக்காவில் வளர்க்கப்பட்டவர் அவர். ஆசிரியருக்கு ஊதியம் கொடுக்க அத்தாயிடம் பொருளில்லை. ஆசிரியர் எழுந்து செல்லும் வேளைகளில் மற்றச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் போதும் என அவ்வாசிரியர் இசைந்தாராம். எழுதத் தோல் வாங்க வழியின்றி எலும்புகளில் எழுதி, அவற்றை ஒரு சாடியில் சேர்த்து வைத்தார் என்பதும் இமாமவர்களின் வரலாற்றில் வருவதே. பெயர் அறியப்படாத அவ்வாசிரியர் ஓர் ஏழைச் சிறுவனை அன்று வாயிலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால், நாம் பின்பற்றும் மத்ஹபின் நிலை யாதாகியிருக்கும்?

கைரவானில் எழுந்த நூல்

பாலர் பள்ளியின் ஒழுங்குகளுக்கென்றே எழுந்து நம் கைக்கு வந்திருக்கும் நூல்களுள் மிகப் பழையது ஆதாபுல் முஅல்லிமீன். ஆசிரியர்க்குரிய ஒழுக்கங்கள் என்பது அப்பெயரின் பொருள். இயற்றியவர் முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (ஹிஜ்ரி 202-256, கி.பி. 817-870). இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் அவரது ஊர். மாலிக்கீ மத்ஹபின் மூலநூல்களுள் ஒன்றான முதவ்வனாவைத் தொகுத்த காழி ஸஹ்னூன் அவர் தந்தை. மகன் வினவ, தந்தை விடை பகர்வதாகவே நூலின் பெரும்பகுதி அமைந்துள்ளது. அளவில் சிறியது, கையேடு எனத்தக்கது. அதன் உள்ளடக்கமோ இன்றைய பள்ளி நிர்வாகிகளையும் தலைகுனிய வைக்கும்.

நூலின் முதன்மையான கவலைகளுள் ஒன்று சமநீதி. மூன்று சிறுவரைப் பொறுப்பேற்ற ஆசிரியர், செல்வர் மகனுக்கும் ஏழை மகனுக்கும் வேறுபாடின்றிக் கற்பிக்கவில்லையெனில், மறுமையில் நம்பிக்கைத் துரோகிகளுடன் எழுப்பப்படுவார் எனும் கருத்துடைய அறிவிப்பை அவர் எடுத்தாள்கிறார். கட்டணம் மிகுதியாகத் தருவோரின் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் தர வேண்டுமாயின் என் செய்வது என்ற வினாவும் எழுகிறது. ஒப்பந்தத்தின்போதே அதனைத் தெளிவுபடுத்தியிராமல், பொது வகுப்பில் ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்த ஆசிரியருக்கு உரிமையில்லை என்பதே அந்நூல் காட்டும் நெறி.

அடுத்தது, பிள்ளையின் நேரம் பிள்ளைக்கே உரியது என்னும் கொள்கை. ஆசிரியர் தம் சொந்த வேலைக்குச் சிறுவரை ஏவலாகாது. அன்பளிப்புக் கொண்டுவருமாறு தூண்டலாகாது, கொண்டுவராதவனை மிரட்டலாகாது, கொண்டுவந்தவனுக்காகப் பள்ளியை விரைவில் கலைக்கவும் ஆகாது. வீட்டிலிருந்து உணவுக்கு அழைப்பு வந்தால், சிறுவனை உண்ணவும் பருகவும் விடாது தடுத்தல் கூடாது. வகுப்பு நேரத்தில் ஆசிரியர் ஜனாஸாவைப் பின்தொடரவோ நோயாளியை நலம் விசாரிக்கவோ செல்லலாகாது என்பது இன்னும் நுட்பமானது. இரண்டும் நன்மைதரும் செயல்களே. எனினும் ஊதியம் பெற்றுக் கற்பிப்பவர், பிள்ளைகளுக்கு விற்றுவிட்ட நேரத்தைக் கொண்டு தமக்கு நன்மை தேடிக்கொள்ள இயலாது என்பது அச்சட்ட அறிஞரின் தெளிவு.

குர்ஆனோடு எழுத்து, உச்சரிப்பு, சொல்லின் ஈற்றுக் குறிகள், நல்ல கையெழுத்து ஆகியன கற்பித்தல் ஆசிரியரின் பொறுப்பு. கணிதம், கவிதை, மொழி நுட்பங்கள் ஆகியவை பெற்றோர் விரும்பிப் பேசிக்கொண்டால் சேர்க்கப்படும். சிறுவர் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லி எழுதவைப்பதையும் நூல் ஏற்கிறது. அதனால் இருவருக்கும் பயனுண்டு. எழுதியதை ஆசிரியர் சரிபார்த்தல் மட்டும் கட்டாயம். சிறுமியரையும் சிறுவரையும் ஒன்றாகக் கலந்து அமர்த்துவதை ஆசிரியர் வெறுக்கிறார். இக்குறிப்பினின்று வரலாற்று மாணவர் அறியவேண்டியது ஒன்றுண்டு: சிறுமியர் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தமையாலன்றோ அவ்விதி தேவைப்பட்டது?

ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே கைரவானில் வாழ்ந்த, கண்பார்வையற்ற பேரறிஞர் அபுல் ஹஸன் அல் காபிஸீ (ஹிஜ்ரி 324-403, கி.பி. 936-1012) இப்பொருள்பற்றி விரிவான நூலொன்று யாத்தார். பிள்ளைக்குக் கல்வி அளிப்பது யார் கடமை என்பதை அவர் படிப்படியாக ஆராய்கிறார். தந்தை, தந்தையில்லையேல் காப்பாளர், அவருமில்லையேல் சமுதாயமும் அதன் பொதுநிதியும். எவருமே முன்வராவிடில் ஆசிரியர் அல்லாஹ்வின் பொருட்டுக் கற்பிக்கலாம். வறுமையைக் காரணங்காட்டி ஒரு பிள்ளையும் விடுபடலாகாது என்பதே அவ்வரிசையின் உட்பொருள். இது பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவரின் சிந்தனை என்பதை மறவாதிருப்போமாக.

பலகை கழுவிய நீர்

இந்நூல்களைக் கொண்டு அக்காலச் சிறுவனின் வாழ்வை ஓரளவு மனக்கண்ணில் காணலாம். காலையில் குர்ஆன் பாடம், முற்பகலில் எழுத்து, நண்பகலில் உணவுக்கு வீடு, மீண்டும் பிற்பகல் பாடம். வாரத்தின் தொடக்கத்தில் புதிய பாடம் ஏறும். புதன் பிற்பகலிலும் வியாழன் காலையிலும் அவ்வாரம் கற்றவை திரும்ப ஒப்பிக்கப்படும். வியாழன் நண்பகலில் பள்ளி கலையும், வெள்ளி விடுமுறை. இரு பெருநாள்களுக்கும் விடுமுறை உண்டு; எத்தனை நாள் என்பதையும் காபிஸீ விட்டுவைக்கவில்லை. குர்ஆனை ஓதி முடித்த நாள் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் பெருவிழா. ஆசிரியருக்கு அன்று உரிய சன்மானமும் சட்டநூல்களில் ஆராயப்பட்ட பொருளே.

சிறுவனின் புத்தகம் லவ்ஹ் எனும் மரப்பலகை. அதன்மேல் நாணற் பேனாவால் அன்றைய பாடத்தை எழுதுவான். மனனமானதும் கழுவி அடுத்ததை எழுதுவான். மவுரித்தேனியாவிலும் மொரோக்கோவிலும் இவ்வழக்கம் இன்றளவும் நிலவுகிறது. எழுதப்பட்டது இறைவாக்கு, அதை அழித்த நீரை என் செய்வது? நேர்வழி நடந்த கலீஃபாக்களின் கால வழக்கத்தை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இப்னு ஸஹ்னூன் பதிவு செய்கிறார். ஆசிரியரிடம் ஒரு பாத்திரம் இருக்கும். நாளுக்கு ஒரு சிறுவனாக முறைவைத்துத் தூய நீர் கொணர்ந்து அதில் ஊற்றுவர். பலகைகள் அதில் கழுவப்படும். பிறகு தரையில் குழி தோண்டி அந்நீரை அதிலிட, மண் உறிஞ்சிக்கொள்ளும். காலால் அழிப்பது தடுக்கப்பட்டது. நாவால் நக்கி அழிப்பதில் குற்றமில்லை எனப்பட்டது. உடையிலும் உதட்டிலும் மைக்கறை தெரிவது ஒருவருக்குப் பெருமையே என இப்ராஹீம் அந்நகஈ (ரஹ்) கருதியதையும் அவர் எடுத்துரைக்கிறார். நீர் கொணரும் முறை வந்த நாளில் அச்சிறுவன் எத்துணைக் கவனமாகக் குடத்தை ஏந்தி வந்திருப்பான்! ஒழுக்கம் அவனுக்குச் சொல்லால் மட்டுமின்றிச் செயலாலும் ஊட்டப்பட்டது.

கீழைநாடுகளில் வழக்கம் சற்று வேறு. அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் 1184இல் டமாஸ்கஸுக்கு வந்தபோது, அங்கே குர்ஆன் வாய்மொழியாகவே ஓதிக்கொடுக்கப்படுவதையும், எழுத்துப் பயிற்சி கவிதை வரிகளைக் கொண்டு நடப்பதையும் கண்டு வியந்தார். எழுதுவதும் அழிப்பதுமாகச் சிறுவர் கையில் இறைவசனம் சிதைவுறலாகாது என்பது காரணம். ஓதக் கற்பிப்பவர் ஒருவர்; எழுதக் கற்பிப்பவர் வேறொருவர். ஒவ்வொருவரும் தத்தம் கலையில் முழுக்கவனம் செலுத்தியதால் மாணவரின் கையெழுத்து சிறந்ததென அவர் பாராட்டினார். 1326இல் அங்கு வந்த இப்னு பதூதாவும் இதையே கண்டு எழுதினார்.

அநாதைச் சிறுவர்களுக்கென வக்ஃபு செய்யப்பட்ட பெரும் பள்ளியொன்றையும் இப்னு ஜுபைர் டமாஸ்கஸில் கண்டார். மம்லூக்குகளின் கெய்ரோவில் இவ்வறம் தனிக் கட்டடக்கலையாகவே மலர்ந்தது. கீழே வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல். மேலே காற்றோட்டமான வளைவுகளுடன் பாலர் பள்ளி. சபீல் குத்தாப் என்பது இதன் பெயர். சுல்தான் காயித்பாய் 1479இல் கட்டியதும், அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டியதும் இன்றும் கெய்ரோவில் நிற்கின்றன. கட்டடத்தைவிட அவற்றையொத்த அறநிலையங்களின் வக்ஃபுப் பத்திரங்களே நம் கருத்தைக் கவர்வன. ஆசிரியரின் ஊதியம், சிறுவரின் அன்றாட ரொட்டி, கோடைக்கும் குளிருக்கும் உடை, பலகை, பேனா, மை என ஒவ்வொன்றுக்கும் அவற்றில் ஒதுக்கீடு காணப்படுகிறது. பள்ளி என்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல. அங்கு வரும் பிள்ளையின் வயிறும் உடலும் உள்ளடங்கியதே என்பதை அவ்வறவோர் உணர்ந்திருந்தனர்.

பிரம்பின் எல்லை

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மரபு பிரம்பை அனுமதித்ததா? நேர்மையாகச் சொல்வதாயின், அனுமதித்தது. அதை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று. ஆயின் எவ்வளவு, எப்போது, எதற்கு என்பதையும் அதே நேர்மையுடன் கூறுதல் வேண்டும்.

இப்னு ஸஹ்னூனின் வரையறை இது: விளையாட்டுக்கும் சோம்பலுக்கும் பத்து அடிக்கு மேற்படலாகாது; குர்ஆன் ஓதுவது தொடர்பாயின் மூன்றுக்கு மேற்படலாகாது. தலையிலும் முகத்திலும் அடித்தல் கூடவே கூடாது. சினத்தில் தண்டிக்கலாகாது, சினம் தணிக்க அடிப்பது திருத்துவதாகாது. வரம்பு மீறி அடித்து ஊறு விளைந்தால் ஆசிரியர் சட்டத்தின்முன் பொறுப்பாளியாவார். இவற்றுள் நம்மைச் சிந்திக்க வைப்பது முதலாவது விதி. குர்ஆன் பாடத்தில்தான் தண்டனையின் எல்லை மிகக் குறுகியது. நம் ஊர்ப் பள்ளிகளிலோ, குர்ஆன் பாடத்தில்தான் பிரம்பு ஓங்கி நின்றது. தடுமாறித் தடுமாறி ஓதுபவருக்கு இரு கூலி உண்டென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இரு கூலிக்குரியதென அவர்கள் அறிவித்த தடுமாற்றத்துக்கு நாம் அடி கொடுத்து வந்திருக்கிறோம்.

இப்னு ஸஹ்னூன் சிறுவராயிருந்தபோது, அவருடைய ஆசிரியருக்குத் தந்தை ஸஹ்னூன் ஓர் அறிவுரை அனுப்பினார். பாராட்டாலும் மென்சொல்லாலும் மட்டுமே தம் மகனைப் பண்படுத்துமாறும், அடியாலும் கடுமையாலும் திருந்தும் இயல்பினன் அவன் அல்லன் என்றும் அவர் சொல்லியனுப்பினார். அடியின் எல்லையை ஊருக்கு வகுத்த காழி, தம் மகன் விஷயத்தில் அந்த எல்லையின் அருகிலும் செல்ல விரும்பவில்லை. அவ்வாறு வளர்ந்த பிள்ளையே பின்னர் ஆசிரியர்க்கு ஒழுக்கநூல் எழுதிற்று.

விதி ஏட்டிலிருந்தால் போதாது; காப்பாற்ற ஆள் வேண்டும். முஹ்தஸிப் எனும் அதிகாரி அதற்கிருந்தார். சந்தையின் எடைக்கற்களைச் சோதிக்கும் அவரே பாலர் பள்ளியையும் கண்காணித்தார். ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவரான ஷைஸரீ எழுதிய முஹ்தஸிபுகளுக்கான கையேட்டில் பாலர் ஆசிரியர்க்கென ஓர் அத்தியாயமே உண்டு. எலும்பை முறிக்கும் தடித்த கோலும், உடலைக் கிழிக்கும் மெல்லிய கோலும் ஆகா. மண், கல் சுமப்பது போன்ற தம் வேலைகளுக்குச் சிறுவரை ஏவலாகாது. சிறுவரை வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிடுபவர் நம்பிக்கைக்குரியவராயிருத்தல் வேண்டும். இவை அங்கே வகுக்கப்பட்டுள்ளன. பள்ளியில் சிறுவரை அளவுகடந்து அடிக்கும் ஆசிரியரைத் தடுப்பதும் முஹ்தஸிபின் கடமைகளுள் ஒன்றென இப்னு கல்தூனும் முகத்திமாவில் எழுதுகிறார்.

சட்ட அறிஞர்கள் எல்லை வகுத்தனரெனில், உள்ளத்தை ஆராய்ந்த அறிஞர்கள் இன்னும் ஆழமாகச் சென்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், பள்ளியினின்று திரும்பிய பிள்ளையை நன்முறையில் விளையாட விடவேண்டும் என வலியுறுத்துகிறார். விளையாட்டைத் தடுத்து இடையறாது கல்வியிலேயே வருத்தினால் அவன் உள்ளம் மடிந்துபோகும், கூர்மை மழுங்கும், கல்வியினின்று தப்பவே சூழ்ச்சி தேடுவான் என்பது அவர் கண்டது. அவர் மறைந்தது 1111இல். பள்ளி முடிந்தவுடன் பிள்ளையைத் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் இன்றைய பெற்றோரும் இதனைப் படித்தல் நலம்.

இப்னு கல்தூன் (1332-1406) இருவகையில் நமக்கு உதவுகிறார். முதலாவது, பாடத்திட்டம் பற்றிய ஒப்பாய்வு. மக்ரிப் மக்கள் பிள்ளைக்குக் குர்ஆனை மட்டுமே கற்பித்தனர். அந்தலூசியர் அதனோடு கவிதை, மொழி, கையெழுத்து ஆகியவற்றையும் சேர்த்தனர். இஃப்ரீக்கியா மக்கள் ஹதீஸையும் பிற கல்வியையும் கலந்தனர். முதல் முறையில் மனனம் வலுத்தது, மொழியாற்றல் குன்றியது என அவர் தயங்காமல் எழுதுகிறார். மொழியையும் கணிதத்தையும் முதலில் கற்பித்துப் பின்னரே குர்ஆனுக்குச் செல்லலாம் என்ற காழி அபூபக்ர் இப்னுல் அரபியின் கருத்தை நல்லதெனப் பாராட்டி, வழக்கம் அதற்கு இடந்தராது என்றும் ஒப்புக்கொள்கிறார். பாடத்திட்டம் ஆராய்ச்சிக்கு உட்பட்டது, மாற்றத்துக்கு இடமுடையது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, கடுமையின் விளைவு பற்றியது. அச்சத்தால் வளர்க்கப்படும் பிள்ளை மனம் சுருங்குகிறான், ஊக்கம் இழக்கிறான், அடிக்கு அஞ்சிப் பொய்யும் பாசாங்கும் பழகுகிறான், நாளடைவில் அவை அவன் குணமாகிவிடுகின்றன. தன்னையும் தன் இல்லத்தையும் காக்கும் மனிதத்தன்மையே அவனிடம் குலைகிறது. இவ்வாறு ஆராய்ந்த இப்னு கல்தூன், அடக்குமுறைக்குட்பட்ட சமுதாயங்கள் முழுவதற்கும் இதே நிலையைப் பொருத்திக் காட்டுகிறார்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். விதிகள் இத்துணைத் தெளிவாயிருந்தும், இப்னு ஸஹ்னூனுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர் ஏன் இதே குறையை எழுத நேர்ந்தது? நடைமுறை விதியோடு ஒத்துச் செல்லவில்லை என்பதே விடை. சிறுவரை வேலை வாங்காதே என்ற விதி, வேலை வாங்கியோர் இருந்ததையே காட்டும். ஆகவே முற்காலக் குத்தாப் குறையற்ற சோலையென நாம் சித்திரிக்கவில்லை. நாம் பெருமை கொள்ளத்தக்கது வேறொன்று: அக்குறைகளைக் குறைகள் என அடையாளங்கண்டு, பிள்ளையின் பக்கம் நின்று எழுதிய அறிஞர்களின் வரிசை அறுபடாமல் வந்தது. பிரம்பு நம் மரபில் உண்டு; பிரம்பைக் குறுக்கிய குரலும் நம் மரபே. இரண்டனுள் எதனைத் தொடர்வது என்பது தலைமுறைதோறும் தீர்மானிக்கப்பட வேண்டியது.

இன்று நம் கையில்

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் அதன் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் மார்க்கக் கல்வியையே முதன்மையாகப் போதிக்கும் நிறுவனங்களையும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் போன்றவை உள்ளன என்பது உண்மை. எனினும் அன்றாடப் பள்ளி வாழ்வை நெறிப்படுத்தும் கல்விச் சட்டம் மக்தபின் வாயிலில் நின்றுவிடுகிறது.

சமயக் கல்வியின் தன்னுரிமை காக்கப்பட்டதென அத்திருத்தத்தை நம்மவர் வரவேற்றனர், நாமும் வரவேற்றோம். ஆயின் தன்னுரிமை பொறுப்பையும் சுமந்தே வரும். பகலில் அரசுப் பள்ளியில் அடிபடாத பிள்ளை, மாலையில் அல்லாஹ்வின் வேதம் கற்கும் இடத்தில் அடிபடலாம் என்ற நிலை நமக்குப் பெருமை சேர்க்குமா? நம் முன்னோரின் குத்தாபுக்குக்கூட ஒரு முஹ்தஸிப் இருந்தார். நம் மக்தபுக்கு இன்று சட்டமும் இல்லை, முஹ்தஸிபும் இல்லை என்றாகிவிடலாகாது. அவ்விடத்தை ஜமாஅத் நிர்வாகமும் பெற்றோருமே நிரப்புதல் வேண்டும்.

குற்றத்தை உஸ்தாதுகள்மேல் மட்டும் சுமத்துவது நீதியாகாது. வகுப்பு நேரத்தில் ஜனாஸாவுக்கும் செல்லாதே என இப்னு ஸஹ்னூன் ஆசிரியருக்குச் சொன்னார். நாமோ ஒரே ஆலிமிடம் ஐவேளை இமாமத், ஜும்ஆ உரை, மையித்துக் காரியங்கள், வீட்டு ஃபாத்திஹாக்கள், கூடவே ஐம்பது அறுபது பிள்ளைகள் ஆகிய அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு, கைக்கும் வாய்க்கும் எட்டாத ஊதியத்தைக் கொடுக்கிறோம். களைத்த மனிதரின் கையில் பிரம்பு எளிதாக ஏறிவிடுகிறது. ஓதலுக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர் என டமாஸ்கஸில் ஆசிரியரைப் பிரித்தமர்த்தியதையும், ஆசிரியரின் ஊதியத்தைப் பிள்ளையின் ரொட்டியோடு ஒரே பத்திரத்தில் கெய்ரோவின் அறவோர் எழுதிவைத்ததையும் நம் முத்தவல்லிகள் எண்ணிப் பார்ப்பார்களாக. பள்ளிவாசலின் மனாராவுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதி மக்தபின் ஆசிரியருக்குச் சென்றால், பிரம்பு தானே மூலைக்குச் செல்லும்.

ஆலிம்களை உருவாக்கும் அரபுக் கல்லூரிகளுக்கும் இதில் கடமையுண்டு. ஏழாண்டு பாடத்திட்டத்தில் வணிக ஒப்பந்தத்தின் நுட்பங்களை விரிவாக நடத்துகிறோம். பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர் மறுநாளே முப்பது பிள்ளைகளின் முன் அமரப்போகிறார் என்பதை மறந்துவிடுகிறோம். இப்னு ஸஹ்னூனின் அச்சிறு நூலை இறுதி வகுப்பில் பாடமாக வைத்தால் ஒரு திங்களில் நடத்தி முடித்துவிடலாம். நாம் நம் வகுப்பில் அதனைத் தொடங்கியிருக்கிறோம்.

நம்மை நாடி வந்த நண்பர் இப்போது வாரத்தில் இருநாள், இஷாவுக்குப் பின் நம் இல்லத்துக்கு வருகிறார். தடுமாறும் இடம் வந்தால் இன்றும் அவர் வலக்கை தன்னையறியாமல் பின்னால் ஒளிகிறது. நாம் காணாததுபோல் இருந்துவிடுகிறோம். மீண்டும் அவ்வசனத்தை மெல்ல ஓதிக் காட்டுகிறோம். ஃபாத்திஹா முடிந்தது, இப்போது சிறு அத்தியாயங்களில் இருக்கிறார். ஒன்பது வயதில் அவருக்கு உரிமையாயிருந்த பாடம் அது.

அல்லாஹ் யாவற்றையும் நன்கறிந்தவன்.